தூத்துக்குடியில் பன்னிரண்டாயிரம் அடி

"சார், வண்டி எதுக்கு இருக்கு? ஏறுங்க."

தூத்துக்குடியில் இறங்கிய முதல் காலையில் அந்தோணி இதை ஐந்து முறையாவது சொல்லியிருப்பார். ஷிப்பிங் ஏஜென்சி எனக்காக அனுப்பியிருந்த ஓட்டுநர் அவர். என் வயதுதான், நாற்பத்தைந்து இருக்கும். பேருந்து நிலையத்தில் என் பெட்டியை வாங்கி டிக்கியில் வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து நின்றார். "லாட்ஜு பீச் ரோடு பக்கந்தானுங்களே, நான் நடந்து வந்துடறேன். நீங்க பெட்டியக் கொண்டு போங்க" என்றேன். அவர் முகம் சுண்டிப் போனது. பெட்டி மட்டும் காரில் வந்து இறங்க, ஆள் பின்னால் நடந்து வருவதை விடுதி வாசலில் யாராவது பார்த்தால் தன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற கவலை. கடைசியில் கார் என் பக்கத்திலேயே நடை வேகத்தில் உருண்டு வந்தது. பின்னால் வந்த மினி பஸ்காரர் எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனார்.

காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. கோயம்புத்தூரிலேயே நான்கைந்து பேருக்கு மேல் தெரியாது. என் மனைவி கோகிலாவின் ஈரல் இரண்டு வருடமாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. 'குடிக்காத பொம்பளைக்கு எப்படி?' என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. உடம்பே தன் ஈரலைப் பகையாக நினைத்துத் தாக்குகிற நோய் என்று விளக்கி விளக்கி எங்களுக்கு அலுத்துவிட்டது. மாற்று ஈரல்தான் ஒரே வழி என்றார்கள். அவள் தம்பிக்கு ரத்தப் பிரிவு சேரவில்லை. எனக்குச் சேர்ந்தது. ஆனால் என் வயிற்றை ஸ்கேன் எடுத்த டாக்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"ஈரல் முழுக்கக் கொழுப்பு. இதுல பாதிய வெட்டி வச்சா அவங்களுக்கும் வேலை செய்யாது, மிச்சத்த வச்சுக்கிட்டு நீங்களும் தேற மாட்டீங்க."

மருந்து கிடையாதாம். நான்கு வாரம் கெடு. சர்க்கரை, எண்ணெய், மைதா தொடக் கூடாது. தினம் பன்னிரண்டாயிரம் அடி நடக்க வேண்டும். பிறகு மறுபடி ஸ்கேன்.

நான் காற்றாலை இறக்கை செய்யும் ஒரு நிறுவனத்தில் அனுப்புதல் பிரிவில் இருக்கிறேன். காலை ஒன்பது மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் ஏழு மணிக்கு எழுந்திருப்பேன். நடுவே கழிப்பறைக்குப் போவதுதான் நடை. முதல் இரண்டு வாரமும் அலுவலகத்தை முடித்துக்கொண்டு வந்து, வீட்டுத் தெருவில் மூச்சு வாங்க நடந்து பார்த்தேன். எந்த நாளும் எட்டாயிரத்தைத் தாண்டவில்லை. மூன்றாவது வாரம் பன்னிரண்டு இறக்கைகளைக் கப்பலேற்றத் தூத்துக்குடிக்குப் போக வேண்டியிருந்தது. மாட்டேன் என்றிருக்கலாம். ஆனால் மிச்சமிருந்த விடுப்பை எல்லாம் அறுவை சிகிச்சைக்காகச் சேர்த்து வைத்திருந்தேன். கோகிலாவும், "போயிட்டு வாங்க. இங்க இருந்தா என் மொகத்தையே பாத்துட்டு உக்காந்திருப்பீங்க. அங்கயாச்சும் வேலைல மனசு போகும்" என்றாள்.

ஏஜென்சி அலுவலகம் மூன்றாவது மாடியில். லிஃப்ட்டை விட்டுவிட்டுப் படியேறினேன். மேலே போய்ச் சேர்ந்தபோது எங்கள் சரக்கைக் கவனிக்கும் கிரேஸ் என்ற பெண் என்னைப் பார்த்துப் பதறி ஃபேனைக் கூட்டினாள். சாயர்புரத்துக்காரி, முப்பது வயதிருக்கும், ஒரே சமயத்தில் இரண்டு போனில் பேசக் கூடியவள்.

"வெசல் இன்னும் கடல்ல வெளியதான் நிக்கு சார். கரையில நிறுத்த பெர்த் கிடைச்சாலும் இப்போ காத்து ஜாஸ்தி. இந்தக் காத்துல உங்க இறக்கைய கிரேன்ல தூக்க விட மாட்டாவ."

காற்றுக்காகச் செய்த பொருளைக் காற்று ஏற்ற விடவில்லை. வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். கையை மேலே காட்டினாள். அன்று மாலை அறைக்குத் திரும்பியபோது என் போன் ஏழாயிரத்து நூறு என்று காட்டியது.

இரண்டாம் நாள் துறைமுகத்துக்குள் போனோம். நகரத்திலிருந்து தெற்கே நல்ல தூரம். ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் வரிசையாக லாரிகள். எங்கள் ஊரில் ஆனி மாதக் காற்று உடம்பைக் குளிர்த்தும். இங்கே அது நிலக்கரித் தூளையும் உப்பையும் சேர்த்து வாரி முகத்தில் அடித்தது. உதட்டை நாக்கால் தொட்டால் உப்பு.

திறந்த மைதானத்தில் பன்னிரண்டு இறக்கைகளும் இரும்புத் தாங்கிகளின் மேல் படுத்துக் கிடந்தன. ஒவ்வொன்றும் எழுபது மீட்டருக்கு மேல் நீளம். சாலை வழியே வந்ததில் எங்காவது கீறலோ விரிசலோ விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. இதற்கு முன் வந்த தடவைகளில் காரை மெதுவாக ஓட்டச் சொல்லி ஜன்னல் வழியே பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். இந்த முறை ஹெல்மெட்டையும் ஆரஞ்சுச் சட்டையையும் மாட்டிக்கொண்டு, முதல் இறக்கையின் அடிப்பாகத்தில் தொடங்கி நுனி வரை போய் மறுபக்கமாகத் திரும்பி வந்தேன். போன் கணக்கில் இருநூறு அடிக்குக் கொஞ்சம் மேல். பன்னிரண்டையும் சுற்றினால் இரண்டாயிரத்து நானூறு. மதியத்துக்குள் இரண்டு சுற்று சுற்றினேன். நான்காவது இறக்கையின் நுனியருகே கையகலத்துக்குப் பூச்சு பெயர்ந்திருந்ததைக் கண்டுபிடித்தேன். காரிலிருந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்காது.

மூன்றாவது சுற்றில் பாதுகாப்புக் காவலர் ஒருவர் விசிலடித்துக்கொண்டே ஓடி வந்தார். வடக்கத்திக்காரர். இது பூங்கா அல்ல என்றும், சரக்கைப் பார்த்தாகிவிட்டால் வண்டியில் ஏறிப் போக வேண்டும் என்றும், ஒரே சரக்கை மூன்று முறை சுற்றுகிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தனக்குத் தெரியவில்லை என்றும் இந்தியில் சொன்னார். என் அனுமதிச் சீட்டை வாங்கி இரு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அந்தோணி நடுவில் புகுந்து, "கோயமுத்தூர் இஞ்சினியர் சார், ரொம்ப நுணுக்கமா பாப்பாவ" என்று சமாளித்தார். நான் இஞ்சினியர் இல்லை.

மதியம் அந்தோணி அழைத்துப்போன சாப்பாட்டுக் கடையில் சீலா மீன் வறுவல் எண்ணெயில் பளபளவென்று வந்து உட்கார்ந்தது. எனக்குக் குழம்பு மீன் மட்டும் போதும் என்றேன். சோறும் பாதிதான். கடைக்காரர், "என்ன அண்ணாச்சி, மீன் நல்லால்லயா?" என்று இரண்டு தடவை வந்து கேட்டார். அந்தோணி என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எழும்போது, "சாயங்காலம் நைட் கிளப் போவமா சார்?" என்றார். நான் திடுக்கிட்டதைப் பார்த்ததும்தான் விளக்கினார். இந்த ஊரில் புரோட்டாக் கடைக்குப் பெயர் நைட் கிளப். புரோட்டாவை எண்ணெயில் பொரித்துத் தருவார்களாம். கை எடுத்துக் கும்பிட்டேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும் பீச் ரோடு வழியாக வடக்கே நடந்தேன். இடப்புறம் மாதா கோயில், வலப்புறம் கடல். இடைவிடாத காற்றில் சட்டை உடம்போடு ஒட்டிப் படபடத்தது. கால் போன போக்கில் திரேஸ்புரம் வந்துவிட்டது. படகுகள் வந்து நின்று, மீனை மணலில் கொட்டி ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். தலையில் கூடையோடு வந்த பெண், "ஏ, தள்ளுங்க! வழில நின்னு வேடிக்க பாக்கீயளே" என்று என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு போனாள். ஒதுங்கித் திரும்பினால் எதிரே லுங்கியும் கையில் பால் பாக்கெட்டுமாக அந்தோணி.

"சார்! இங்கன எப்படி வந்தீய?"

"நடந்துதாங்க."

அவர் என்னை ஓரமாக ஒரு படகு நிழலுக்குக் கூட்டிப்போனார். "சார், நான் நேராவே கேக்கேன். என் வண்டி உங்களுக்குப் பிடிக்கலையா? இல்ல என் ஓட்டம் பிடிக்கலையா? ஆபீஸ்ல வேற டிரைவர் கேட்டுருக்கீயளா? எதுன்னாலும் என்கிட்டயே சொல்லிருங்க."

மூன்று நாளாக அந்த மனிதர் அப்படி நினைத்துத்தான் மருகியிருக்கிறார். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. கோகிலாவைப் பற்றியும் டாக்டர் சொன்னதைப் பற்றியும் சொன்னேன். பேசப் பேச அவர் பால் பாக்கெட்டை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தார். முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"இன்னும் எத்தன நாள் இருக்கு சார்?"

"பதினொண்ணுங்க."

அன்றிலிருந்து அவர் வேறு ஆளாகிவிட்டார். எங்கே போனாலும் ஒரு கிலோமீட்டருக்கு முன்பே காரை ஓரங்கட்டி, "இறங்குங்க" என்பார். அப்போதெல்லாம் 'சார்' கூட வராது. நான் போன் பேச ஆரம்பித்தால் கதவைத் திறந்துவிட்டு, வெளியே போய் நடந்துகொண்டே பேசுங்கள் என்று கையைக் காட்டுவார். சாப்பிட்டு எழுந்ததும் அரை மணி நேரம் காரைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வார். கிரேஸிடமும் சொல்லிவிட்டிருக்கிறார். நான்காம் நாள் அலுவலகத்தில் லிஃப்ட் கதவில் 'ரிப்பேர்' என்று காகிதம் ஒட்டியிருந்தது. எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டே படியேறினார்கள். லிஃப்ட்டுக்கு ஒன்றும் இல்லை, ஒட்டியது கிரேஸ் என்று சாயங்காலம்தான் தெரிந்தது. மேனேஜர் அவளைக் கூப்பிட்டுக் கத்தியது வெளியே வரை கேட்டது. கண் சிவந்து வெளியே வந்தவள் என்னிடம், "நீங்க அத விடுங்க சார். எங்க வீட்டுல எல்லாரும் உங்கள ஜெபத்துல வச்சிருக்கோம்" என்றாள்.

அன்று பதினான்காயிரம் அடி. கோகிலாவிடம் போனில் சொன்னேன். "அவ்வளவு எதுக்குங்க, கால் வலிக்காதுங்களா?" என்றாள். குரல் மெலிந்திருந்தது. சாப்பிட்டாயா என்றதற்கு, மகள் யாழினியிடம் போனைக் கொடுத்துவிட்டாள். பன்னிரண்டு வயதுக்காரி அடுத்த அறைக்குப் போய், "அம்மா ரெண்டு நாளா சரியாவே சாப்பிடலப்பா" என்று சொன்னாள்.

ஐந்தாம் நாளைப் பற்றி எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் மற்றதும் பொய்யாகிவிடும்.

மருந்துக்கடை வாசலில் எடை பார்க்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. ஏறி நின்றேன். கோயம்புத்தூரில் டாக்டர் பார்த்தபோது எண்பத்தொன்பது. இப்போது எண்பத்து நான்கு. சரியாகத்தான் பார்க்கிறேனா என்று இறங்கி மறுபடி ஏறினேன். எண்பத்து நான்கேதான். துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் இயந்திரத்தை விட்டு இறங்காமல் நின்றேன். அதுவரை என் பயம் முழுவதும் எண்களைப் பற்றியே இருந்தது. நடந்தேனா, குறைந்ததா என்பதுதான். அந்த இயந்திரத்தின் மேல் நின்றபோதுதான் முதல் தடவையாகத் தெளிவாகத் தெரிந்தது: குறைந்தால் வெட்டுவார்கள். விலா எலும்புக்குக் கீழே கத்தி வைத்து, பத்து மணி நேரம் படுக்க வைத்து, பாதி ஈரலை எடுப்பார்கள். நன்றாக இருக்கிற என்னை. கொழுப்பு இருக்கிற வரை அந்த மேசையில் நான் படுக்க வேண்டியதில்லை. 'முயற்சி பண்ணினேன், முடியவில்லை' என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அந்தோணியை ஐந்து மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். தலைவலி என்றேன். அவர் கார் தெருமுனை திரும்பும் வரை காத்திருந்து, ஆட்டோ பிடித்து, அவர் சொன்ன அதே மாதிரி ஒரு நைட் கிளப்பில் போய் உட்கார்ந்தேன். பொரித்த புரோட்டா நான்கு. அப்பளம் போல நொறுங்கியது. மேலே சால்னாவை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். ருசி தெரியாமல் தின்றேன் என்று சொன்னால் அதுவும் பொய். இந்த ஊரில் நான் சாப்பிட்டதிலேயே அதுதான் ருசி. திரும்பும்போதும் ஆட்டோ. அறைக்கு வந்து போனைப் பார்த்தேன். மூன்றாயிரத்து எழுநூறு.

ஏழு மணிக்குக் கோகிலாவிடமிருந்து செய்தி வந்தது: 'இன்னைக்கு எவ்வளவுங்க?'

கட்டிலில் உட்கார்ந்தபடியே போனைக் கையில் பிடித்து ஆட்டத் தொடங்கினேன். ஆட்ட ஆட்ட எண் ஏறியது. கை வலித்தால் மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படி உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டாயிரத்து முன்னூறு வந்ததும் திரையைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன். கைகூப்பும் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பினாள்.

ஆறாம் நாள் காலை ஆறு மணிக்கு என் மைத்துனன் போன் செய்தான். கோகிலா எழுந்திருக்கவில்லை, எழுப்பினால் ஏதேதோ உளறுகிறாள், யாழினியைத் தன் அம்மா என்று நினைத்துப் பேசுகிறாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துவிட்டோம் என்றான். ஈரல் வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் நஞ்சு தங்கி மூளையைக் குழப்பும் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கீழே ஓடி வந்துவிட்டேன். எங்கே போவது என்று தெரியாமல் வாசலில் நின்றேன். அப்போது டாக்டரே அழைத்தார்.

"பதறாதீங்க. மருந்து குடுத்திருக்கோம், ரெண்டு நாள்ல தெளிஞ்சிடுவாங்க. ஆனா நாம இன்னும் காத்திருக்க முடியாது. நீங்க சரக்க ஏத்திட்டு வந்து சேர எத்தன நாளாகுமோ. அங்கயே ஸ்கேன் எடுத்துப் படத்த அனுப்புங்க. உங்க ஈரல் சரிப்படுதா இல்லையான்னு எனக்கு உடனே தெரியணும். இல்லைன்னா வேற வழி பாக்கணும்."

வேற வழி என்ன என்று நான் கேட்கவில்லை. ஊருக்குள் இருந்த ஸ்கேன் சென்டரில் மறுநாள் மாலைதான் நேரம் கிடைத்தது.

அந்தோணி வந்தார். அன்று என்னை நடக்க விடுவதற்காக அவர் காரை எங்கும் ஓரங்கட்டவில்லை. துறைமுகச் சாலையில் உப்பளம் வந்ததும், முன்னால் பார்த்தபடியே சொன்னார்: "நேத்து நைட் கிளப்ல இருந்தீயளாமே. கடைக்காரன் நம்ம தெருக்காரன்தான். கோயமுத்தூர் சார் நாலு புரோட்டா தின்னாவன்னு சந்தோசமாச் சொல்லுதான்."

நான் உடைந்துவிட்டேன். எடை இயந்திரத்தையும் புரோட்டாவையும் போனை ஆட்டியதையும் சொன்னேன். "நான் பெயிலாகணும்னுதான் தின்னேன் அந்தோணி. அங்க அவ நெனவில்லாமக் கெடக்கறா. நானெல்லாம் மனுசனா?" என்றேன்.

அவர் காரை உப்பள ஓரத்தில் நிறுத்தினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே பேசினார்.

"நான் பதினெட்டு வருசம் கடல்ல முங்கிச் சங்கு குளிச்சேன் சார். உங்களுக்குத் தெரியாது. எங்கப்பா, எங்கண்ணன் எல்லாருமே. ஒரு நாளு அடில இருக்கும்போது காதுக்குள்ள டப்புன்னுச்சு. ரத்தம். டாக்டர், இனி தண்ணிக்குள்ள எறங்கவே கூடாதுன்னுட்டாவ. வீட்டுல ஒரே அழுக. பொழப்பு போச்சேன்னு. நானும் அழுதேன்." கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "உள்ளுக்குள்ள எனக்கு அம்புட்டு சந்தோசம் சார். இனி எறங்க வேண்டாம்லா. ஒவ்வொரு நாளும் கும்பாவுக்குள்ள கைய விட்டுக் கஞ்சி குடிக்கும்போது, இன்னைக்கு மேல வருவமான்னு நெனப்பேன். ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. எம் பொஞ்சாதிகிட்டகூட."

லாரிகள் எங்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தன.

"அதுக்காவ நாளைக்கு ஸ்கேனுக்குப் போவாம இருந்துராதீய" என்று சொல்லிவிட்டுக் காரைக் கிளப்பினார்.

அன்று கப்பல் பெர்த்துக்கு வந்துவிட்டது. காற்று நிற்கவில்லை. வேலையும் இல்லாமல் போகவும் முடியாமல் இறக்கைகளைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். எண்ணவில்லை, போனையும் பார்க்கவில்லை. காவலர் தூரத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை விசிலடிக்கவில்லை.

ஏழாம் நாள் மாலை நான்கு மணிக்கு ஸ்கேன். நகரத்துக்குள் போய்க்கொண்டிருந்தோம். ரயில்வே கேட் திறந்திருந்தது, ஆனால் இரு பக்கமும் பொறுமையில்லாமல் நுழைந்த வண்டிகள் நடுவில் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. மூன்றே முக்காலுக்கு நாங்கள் அந்தக் கூட்டத்துக்குள் மாட்டினோம். எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். அந்தோணி கதவைத் திறந்து எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்.

"இது இப்போ தீராது. இறங்கி நடங்க. கேட்டத் தாண்டி நேரா போய் ரெண்டாவது லெஃப்ட்ல திரும்புங்க. ஓடாதீய, நடங்க."

லாரிக்கும் பேருந்துக்கும் நடுவே உடம்பை ஒடுக்கிக்கொண்டு போனேன். வந்த நாளில் இப்படி ஒடுங்கியிருக்க முடியாது என்பது அந்த அவசரத்திலும் உறைத்தது. ஒவ்வொரு எட்டும் என்னை அந்த மேசைப் பக்கம் கொண்டு போகிறது என்பதும் உறைத்தது. தண்டவாளத்தின் நடுவில் ஒரு கணம் நின்றேன். திரும்பிப் போய்க் காரில் உட்கார்ந்தால், நேரம் தவறிவிட்டது, ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டேன் என்று சொல்லலாம். எல்லோரும் நம்புவார்கள். பின்னால் பைக்கில் வந்த ஒருவர், "ஏ அண்ணாச்சி, தண்டவாளத்துல நின்னு என்ன ரோசன?" என்று கத்தினார். நடந்தேன். நான்கடிக்க ஒரு நிமிடம் இருந்தபோது ஸ்கேன் சென்டர் படியேறினேன். மூச்சைப் பிடிக்கச் சொன்னபோது பிடித்தேன், விடச் சொன்னபோது விட்டேன். படங்கள் கோயம்புத்தூருக்குப் போயின.

எட்டாம் நாள் விடியும்போதே காற்று அடங்கியிருந்தது. ஏழு மணிக்குக் கிரேன் முதல் இறக்கையைத் தூக்கியது. பதினோரு மணிக்கு நான்காவது மேலே தொங்கிக்கொண்டிருந்தபோது டாக்டரின் அழைப்பு வந்தது. சுற்றி வளைக்காமல் சொன்னார். கொழுப்பு குறைந்திருக்கிறது, போதுமான அளவுக்கு. நாளை வந்து சேருங்கள், கையெழுத்துகள் இருக்கின்றன.

"சரிங்க டாக்டர்" என்றேன். ஓர் இரும்புத் தாங்கியின் மேல் உட்கார்ந்தேன். கிரேஸ் தூரத்தில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையசைத்தேன். கையிலிருந்த காகிதங்களோடு முகத்தை மூடிக்கொண்டாள். அந்தோணி திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது நாள் கழித்து அறுவை சிகிச்சை நடந்தது. எனக்குப் பத்து நாளில் தையல் பிரித்தார்கள். அவளுக்கு நடுவில் காய்ச்சல் கண்டு ஒரு வாரம் எங்களை ஆட்டி வைத்தது, பிறகு இறங்கியது. இருவரும் வீட்டில் இருக்கிறோம். ஆனால் அந்த நாட்களை நினைக்கும்போது ஆஸ்பத்திரி எனக்கு அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை. துறைமுகத்தில் அன்று பன்னிரண்டு மணிக்கு வந்த இன்னொரு போன்தான் வருகிறது.

கோகிலா. குரல் தெளிந்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்த குரல்.

"டாக்டர் சொன்னாருங்க" என்றாள். "பாஸாயிட்டீங்களாமே."

"ஆமா."

அவள் அழுகிறாள் என்பது தெரிந்தது. சந்தோஷத்தில் என்று நினைத்தேன்.

"நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. நீங்க பெயிலாகணும்னு தினமும் வேண்டிக்கிட்டனுங்க. உங்களுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா யாழினிக்கு யாரு இருக்கா? கால் வலிக்குமேன்னு எத்தன தடவ சொல்லிப் பாத்தேன். நீங்க நடந்துட்டே இருந்தீங்க."

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எடை இயந்திரம், புரோட்டா, கட்டிலில் உட்கார்ந்து போனை ஆட்டியது, தண்டவாளத்தில் நின்றது. "நானும் பெயிலாகணும்னுதான் நெனச்சேன் கோகிலா. ஆனா உனக்காக இல்ல. பயந்துட்டேன். இப்பவும் பயமாத்தான் இருக்குது" என்றேன்.

தலைக்கு மேலே ஐந்தாவது இறக்கை மெதுவாகக் கப்பல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. கீழே நின்றவர்கள் கயிற்றைப் பிடித்தபடி அதோடு கூடவே நடந்தார்கள். அவள் போனை வைத்துவிட்டாளோ என்று காதோடு அழுத்திக் கேட்டேன். மூக்கை உறிஞ்சும் சத்தம். அப்புறம், பல மாதமாக நான் கேட்காத ஒன்று, அவளுடைய சிரிப்பு.

"ஏனுங்க," என்றாள், "அப்ப சாமி நம்ம ரெண்டு பேரு பேச்சையுமே கேக்கலீங்களா?"